ஏரு, எருது, கூரை, அசடு

உத்திரமேரூர்
10.9.2007

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு மைத்துனன் மோகன்குமார் கும்பிட்டு எழுதிக்கொண்டது. அரக்கோணத்தில் அக்காவும் நீங்களும் குழந்தைகளும் சுகமாக இருப்பீர்கள். இங்கே மழை பரவாயில்லை, நாற்று நன்றாக வந்திருக்கிறது, என்னைத் தவிர எல்லோரும் நலம்.

விஷயம் என்னவென்றால், எனக்குப் பார்த்த ராஜகுளத்துப் பெண் இளமதி வீட்டுக்கு நீங்கள் போன் போட்டு, ஜாதகம் ஒத்துவரவில்லை என்று சொல்லிவிட வேண்டும். அவர்கள் முந்திக்கொண்டு வேண்டாம் என்றால் அப்பாவுக்குத் தலைகுனிவு. இதை நான் போனில் சொன்னால் அம்மா காதில் விழும், அதனால்தான் கடிதம்.

நீங்கள் வர முடியாமல் போன அந்தப் பெண் பார்க்கும் அன்று, ஏனாத்தூரில் எம்.சி.ஏ. படிக்கிற பெண்ணாயிற்றே என்று அம்மா, "உனக்கு இன்னாம்மா தெரியும்?" என்று கேட்டாள். "ஏரு, எருது, கூரை, அசடு, நாலும் தெரியும் அத்தே" என்றாள் இளமதி. அம்மாவுக்கு வாயெல்லாம் பல். "ஏரும் ஓட்டி கூரையும் மேயுமாம், இந்தக் காலத்துல இப்பிடி ஒரு பொண்ணா" என்று என் காதைக் கடித்தாள். அசடு எது என்று மட்டும் விளங்காமல் என்னைப் பார்த்தாள். அப்புறம்தான் தெரிந்தது, ஐரோப்பாவில் அந்தக் காலத்து ஆட்கள் நீளக் கத்தியை இரண்டு கையாலும் பிடித்து நிற்கும் நாலு நிலைக்கு அதுதான் பெயராம். கல்லூரியில் ஏழெட்டுப் பேர் மரக்கத்தி வைத்துப் பழகுகிறார்களாம். அவள் சிரித்த சிரிப்பில் எனக்குப் புத்தி கழன்று, "எனக்கும் கொஞ்சம் தெரியும்" என்று சொல்லித் தொலைத்தேன். "அப்ப அடுத்த ஞாயித்துக்கெயம வாங்க, பாக்கலாம்" என்றுவிட்டாள்.

பத்தே நாள் மாமா. பிரவுசிங் சென்டர் முபாரக் இன்டர்நெட்டில் தேடி நாற்பது பக்கம் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தான், எல்லாவற்றிலும் இறுக்கமான கால்சட்டை போட்ட வெள்ளைக்காரர்கள், எழுத்து ஜெர்மனாம். மண்வெட்டிக் காம்பில் குறுக்குக்கட்டை அடித்துக் கத்தி செய்தோம். கூரை நிலைக்குத் தூக்கியதில் முபாரக் கடை டியூப்லைட் போச்சு. மறுநாள் கொல்லையில் எருது நிலை, அதாவது காம்பைக் காதோரம் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டு நின்றேன், நம் செவலைப் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிப் பக்கத்து வீட்டுச் சிட்டம்மாளின் அவரைப் பந்தலைச் சாய்த்துவிட்டது. "இன்னா நைனா, மாட்ட மெரட்டிக்கினு கீற, காத்து கீத்து அட்ச்சிட்சா?" என்று அவள் வேப்பிலையோடு வந்துவிட்டாள். அவள் மேலும் தப்பில்லை, நான் கிரிக்கெட் ஹெல்மெட் போட்டு வயிற்றில் தலையணை கட்டியிருந்தேன்.

நேற்று ஏனாத்தூர் போனேன். அவள் கையில் கத்தி ஓடுகிற வேகத்தில் கண்ணுக்கே தெரியவில்லை மாமா. தோளில், விலாவில், இடது கட்டைவிரலில் என்று மொத்தம் பதினோரு அடி. நான் அவளைத் தொட்டது ஒரு தரம்கூட இல்லை. நான் வேறு வெட்கமில்லாமல், "சூப்பருங்க, இது எப்பிடி வந்துச்சி, இன்னொரு தபா காட்டுங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். "நெசமா சொல்லுங்க, எப்ப கத்துக்கினீங்க?" என்றாள். "பத்து நாள் ஆச்சிங்க" என்று ஒப்புக்கொண்டேன். "சரி, தகவல் சொல்றேன்" என்று போய்விட்டாள். இதற்கு அர்த்தம் தெரியாதவனா நான். எனக்கு அவளை ரொம்பப் பிடித்திருக்கிறது, அதுதான் பேஜார். காலையிலிருந்து சோறு இறங்கவில்லை. இருந்தாலும் தயவுசெய்து உடனே போன் போட்டுவிடுங்கள்.

அக்காவுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம், பெரியவர்களுக்கு நமஸ்காரம்.

தங்கள் சொல் தட்டாத மைத்துனன்
மோகன்குமார்

பின்குறிப்பு: மாமா, போன் போடாதீங்க. உறையை ஒட்டும்போது அவளே போனில் பேசினாள். "உங்களுக்கு முன்னாடி ஒருத்தர் வந்தாரு. ரெண்டாவது அடியிலயே கட்டய கடாசிட்டு கோச்சிக்கினு பூட்டாரு. நீங்க தோத்துக்கினே, எப்பிடின்னு கேட்டுக்கினு இருந்தீங்க. எனக்கு சம்மதம்" என்றாள். ஜாதகம் பிரமாதமாக ஒத்துவருகிறது. புரட்டாசி கழிந்ததும் நாள் பாருங்கள். அதற்குள் கட்டைவிரல் முழுசாக மடங்காது என்கிறார் டாக்டர். முதல் முடிச்சை எப்படியாவது நான் போட்டுவிடுகிறேன், மற்ற இரண்டும் அக்கா பொறுப்பு.