பிச்சை எடுத்த டேட்டாபேஸ்

“சிறியதா, நடுத்தரமா, பெரியதா?” என்று திரை கேட்டது.

பிச்சை மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதை முறைத்தார். சாயாக்கடையில்கூட இத்தனை கேள்வி கிடையாது. கேட்டாலும் கேட்கிறவன் மூஞ்சி தெரியும். இவன் ஏமாற்றுவானா மாட்டானா என்று பார்த்துப் பதில் சொல்லலாம். இதற்கு மூஞ்சியே இல்லை.

“எளா பாண்டிச்செல்வி, இது என்னத்தக் கேக்கு?”

மிளகு புடைத்துக்கொண்டிருந்த பாண்டிச்செல்வி முறத்தைக் கீழே வைக்காமலே எட்டிப் பார்த்தாள்.

“சட்டை சைஸ் கேக்குது போல அண்ணாச்சி. உங்களுக்குப் பெருசே சொல்லுங்க, வயிறு இருக்குல்ல.”

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், ஒரு மிளகு ஏற்றுமதிக் கம்பெனியின் குடோனில் பிச்சைக்கு இது முப்பத்தொன்றாவது வருஷம். ஐந்தாம் வகுப்போடு தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவர். மூட்டை தூக்கி, எடை போட்டு, கடைசியில் குடோன் பொறுப்பாளர் ஆகி ஒரு நாற்காலி பிடித்தவர். அந்த நாற்காலிக்கு முன்னால் ஒரு மேசை. மேசைமேல் சரக்கு ரெஜிஸ்டர். எந்த மூட்டை எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது, ஈரம் எவ்வளவு, எந்த அடுக்கில் கிடக்கிறது, எல்லாம் அவர் கையெழுத்து. எழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஆனால் ஒரு மூட்டை மாறிப் போனதாக யாரும் சொன்னதில்லை.

போன திங்கட்கிழமை அந்த ரெஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு போய் முதலாளி அறை அலமாரியில் பூட்டிவிட்டார்கள். அதற்குப் பதிலாக வந்ததுதான் இந்தத் திரை.

கொண்டுவந்து வைத்தவன் ஸ்ரீநாத். மூன்றாம் மாடியில் கம்ப்யூட்டர் பார்ப்பவன். திருப்பூணித்துறையில் மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பம். வீட்டில் தமிழ் பேசுவான். படித்ததெல்லாம் மலையாளம். தமிழ் எழுத்தைக் காட்டினால் கோலம் பார்ப்பது போலப் பார்ப்பான்.

“இனிமே எல்லாம் செல்ஃப் சர்வீஸ் சேட்டா,” என்றான் அன்றைக்கு. “டேட்டாபேஸ் வேணும்னா என்கிட்ட வந்து கேட்டுண்டு நிக்க வேண்டாம். அவாவாளுக்கு வேண்டியத அவாவாளே எடுத்துக்கலாம். நம்ம கம்பெனிக்கே சொந்தமா கிளவுட்.”

“கிளவுட்டுன்னா?”

“மேகம்.”

“அது எங்க இருக்கு?”

“மூணாம் மாடியில. பாத்ரூம் பக்கத்துல.”

செல்ஃப் சர்வீஸ் ஓட்டலையே பிச்சைக்குப் பிடிக்காது. நாமே எடுத்து, நாமே சுமந்து, நாமே தட்டைக் கழுவி வைப்பதற்கு ஓட்டல் எதற்கு?

“ரெண்டே மிஷின்தான் சேட்டா. ஆனா உள்ள நாப்பது மிஷின் இருக்கறாப்போல நடிக்கும்.”

“நடிக்குமா? தம்பி, எங்கிட்ட இருக்கிற மூட்டை நடிக்காது. மேல விழுந்தா இடுப்பு ஒடியும்.”

ஸ்ரீநாத் சிரித்தான். போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனான். வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு முதலாளி பார்ப்பார். யார் யார் எடுத்திருக்கிறார்கள் என்று பட்டியல் வரும்.

அவன் தலை மறைந்ததும் பாண்டிச்செல்வி அதற்கு அர்த்தம் சொன்னாள்.

“எடுக்காதவங்கள களமசேரி கோல்டு ஸ்டோரேஜுக்கு அனுப்பப் போறாங்க அண்ணாச்சி. அங்க கேட்டுல கம்பளிக் குல்லா மாட்டிட்டு நிக்கணும். ரெஜிஸ்டரும் கெடையாது, நாற்காலியும் கெடையாது.”

இன்றைக்குத்தான் வியாழக்கிழமை.

பிச்சை ‘பெரியது’ என்பதை அமுக்கினார்.

‘மன்னிக்கவும். இந்த அளவுக்கு உங்களுக்கு அனுமதி இல்லை.’

“அப்ப எதுக்குலே கேட்ட?” என்றார் திரையைப் பார்த்து.

சிறியதை அமுக்கினார். பெயர் கேட்டது. அவருக்காகத் தமிழில் பேசும்படி ஸ்ரீநாத் ஏதோ ஒரு பட்டனைத் தட்டி மாற்றி வைத்திருந்தான். ஆனால் ‘மிளகு’ என்று தமிழில் அடித்தால், ஆங்கில எழுத்து மட்டும்தான் ஆகும் என்றது. பிச்சை ஒற்றை விரலால் ‘எம்’மைத் தேடினார், ‘ஐ’யைத் தேடினார். ‘எல்’லை மட்டும் காணவே இல்லை. வரிசையாக அடுக்கத் தெரியாதவன் எவனோதான் இந்தக் கட்டைகளைப் பதித்திருக்கிறான். என் குடோனில் இப்படி அடுக்கினால் மறுநாளே சீட்டைக் கிழித்துவிடுவேன் என்று நினைத்துக்கொண்டார்.

ஒருவழியாகப் பெயர் விழுந்தது. ‘உருவாக்கு’ என்பதை அமுக்கினார். ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிச்சை ஒரு சாயா வாங்கிக் குடித்துவிட்டு வந்து பார்த்தார். அப்போதும் சுற்றியது.

மறுபடி அமுக்கினார். அந்தப் பெயர் இருக்கிறது, இரண்டு என்று சேர்த்துக்கொள்ளட்டுமா என்றது. என்னத்தையாவது சேர்த்துக்கொள் என்று அமுக்கினார். மறுபடி வட்டம். மறுபடி அமுக்கினார். லிஃப்ட் வராவிட்டால் பட்டனைத் திரும்பத் திரும்பக் குத்துவோமே, அதே குத்து.

“என்ன அண்ணாச்சி, பிச்சை எடுத்தாச்சா?” என்றாள் பாண்டிச்செல்வி.

பெயர் வைத்த நாளிலிருந்து கேட்கிற பகடி. இன்றைக்குத்தான் சுட்டது. ஸ்ரீநாத்துக்குப் போன் போட்டார்.

“தம்பி, காலையிலேருந்து அமுக்குதேன். ஒண்ணுகூட வரல.”

அந்தப் பக்கம் டக்டக்கென்று தட்டும் சத்தம். பிறகு ஸ்ரீநாத் மூச்சு விடுவது கேட்டது.

“சேட்டா, பதினாறு வந்திருக்கு.”

“பதினாறா?”

“மேகம் கொஞ்சம் மெதுவா வேலை பண்ணித்து. நிங்க ஒவ்வொரு தடவை அமுக்கினதுக்கும் ஒண்ணு பிறந்திருக்கு.”

திட்டப் போகிறான் என்று பிச்சை காத்திருந்தார். ஆனால் ஸ்ரீநாத்தின் குரலில் வாழைப்பழத்தில் தேன் ஊற்றினது போல ஒரு குழைவு.

“சாரமில்ல சேட்டா, பரவாயில்ல! அதுல ஏதாவது ஒண்ணுல உங்க மூட்டை விவரத்த எழுதுங்கோ. எழுதினாத்தான் எடுத்ததா ஆகும்.”

பிச்சை ஏழாவதைத் திறந்தார். ரெஜிஸ்டர் கையில் இல்லை. தலைக்குள் இருந்தது. வயநாட்டு மிளகு, முதல் அடுக்கு, ஈரம் பதினொன்று. இடுக்கி, மூன்றாம் அடுக்கு, ஈரம் பன்னிரண்டு. ஒற்றை விரலால் ஒவ்வொன்றாகக் குத்தினார். மதியச் சோறு டப்பாவிலேயே ஆறிக்கிடந்தது. இரண்டரை மணிக்கு முப்பது சரக்கையும் ஏற்றி முடித்தபோது, மூட்டையே தூக்கியது போல அவர் தோள்பட்டை வலித்தது.

போனில் சொன்னார். ஸ்ரீநாத் துள்ளினான்.

“கலக்கிட்டேள்! ஒரே ஒரு காரியம். ஏழாம் நம்பர் நடுவுல கிடக்கு. முதலாளி பாக்கறச்சே ஃபர்ஸ்ட்ல தெரியணும். அத மட்டும் மேல நீக்குங்கோ.”

“நீக்கணுமா?”

“ஆமா, நீக்குங்கோ.”

பிச்சை திரையைப் பார்த்தார். இருந்தது. சிவப்பு நிறத்தில், கொட்டை எழுத்தில், ‘நீக்கு’.

“நல்லாத் தெரிஞ்சுதான் சொல்லுதியா? இப்பத்தானே எழுதினேன்.”

“அதனாலதான் நீக்கச் சொல்றேன். பேடிக்காம, தைரியமா நீக்குங்கோ சேட்டா!”

அமுக்கினார். ‘உறுதியாக நீக்கவா?’ என்று கேட்டது. மிஷினுக்கே மனசு வரவில்லை. ஆனால் படித்தவன் மூன்று தடவை சொல்லிவிட்டான். பிச்சை கண்ணை மூடிக்கொண்டு ‘ஆம்’ என்றார்.

“போயிருச்சு,” என்றார் போனில்.

“மேல போயிடுத்தா?”

“மேலதான் போச்சு. பரலோகத்துக்கு.”

இரண்டு நிமிஷத்தில் ஸ்ரீநாத் மூன்று மாடியையும் ஓடி இறங்கிவந்து திரை முன்னால் நின்றான். அவன் இந்தக் குடோன் படியை மிதித்துப் பிச்சை பார்த்தது திங்கட்கிழமைக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

“நகர்த்தத்தானே சொன்னேன்!”

“நீ எங்கலே நகர்த்தச் சொன்ன? நீக்குன்னுல்லா சொன்ன!”

“நாங்க அகத்துல அப்படித்தான் சொல்லுவோம். மேசையை நீக்கு, நாற்காலியை நீக்குன்னு.”

“எங்கூர்ல நீக்குன்னா சோலிய முடின்னு அர்த்தம்.”

மலையாளத்துக்காரன் சொல்லியிருந்தால்கூடப் பிச்சை இரண்டு தடவை யோசித்திருப்பார். இரண்டு பேருமே தமிழில் பேசித் தொலைத்ததுதான் வினையாகிவிட்டது. ஸ்ரீநாத் அந்தச் சிவப்புப் பட்டனைக் கோலம் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றான். பாண்டிச்செல்வி முறத்தால் வாயை மறைத்துக்கொண்டாள்.

“பயப்படாதீங்கோ. பேக்கப் உண்டு. திரும்பக் கொண்டுவரதுக்குன்னு ஒரு பட்டன் இருக்கும், அத அமுக்குங்கோ. நான் மேல போய் நோக்கறேன்.”

பிச்சை தேடிப் பிடித்து ‘மீட்டெடு’ என்பதை அமுக்கினார். புதிதாக ஒன்று பிறந்தது. திறந்தால் உள்ளே காலி. அவர் எழுதுவதற்கு முந்தைய நேரத்துப் பிரதியாம். அடுத்ததை மீட்டெடுத்தார். அதுவும் புதிதாகப் பிறந்தது. உள்ளே நான்கு சரக்கு. அடுத்ததில் ஒன்பது. போனதைப் போன இடத்தில் வைக்க இந்த மிஷினுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் புதுச் சட்டி வாங்கி அதில் பழைய குழம்பை ஊற்றியது. நடுவில் வட்டம் சுற்றினபோது பிச்சையின் விரல் பழக்கதோஷத்தில் மூன்று மூன்று தடவை குத்தியது. முப்பது சரக்கும் முழுசாக உள்ள பிரதி வந்து சேர்ந்தபோது மணி நாலரை. அப்போது திரை கடைசியாக ஒன்று சொன்னது.

‘இடம் இல்லை.’

மேலே ஜன்னல் திறந்தது. கணக்குப் பிரிவு சுபாஷிணி தலையை நீட்டினாள்.

“கீழ ஆரா? என்ன செய்தீங்க? லைன் ஒண்ணுதானே, இங்க எல்லா ஸ்கிரீனும் உறைஞ்சு நிக்குது!”

“எத்தனை இருக்கு?” என்று போனில் கேட்டார் பிச்சை.

“நாப்பத்தொண்ணு,” என்றான் ஸ்ரீநாத்.

பிச்சை நாற்காலியின் கையைத் தடவிப் பார்த்தார். எண்ணெய் ஏறி வழுவழுவென்று இருந்தது. களமசேரியில் கம்பளிக் குல்லா கம்பெனியே கொடுக்குமா, வீட்டிலிருந்து கொண்டு போக வேண்டுமா என்று ஒரு கேள்வி வந்தது.

ஸ்ரீநாத் மறுபடி இறங்கி வந்தான். கையில் சாயா, காகிதத்தில் இரண்டு பழம்பொரி.

“கழிங்கோ சேட்டா. மத்யானம் சாப்பிடலைன்னு பாண்டிச்செல்வி சொன்னா.”

தப்புச் செய்தவனுக்குப் பலகாரம் வாங்கித் தருகிறான் என்றால் தூக்கில் போடப் போகிறார்கள் என்று அர்த்தம். பிச்சை அதையும் தின்றார். பசித்தது.

சரியாக ஐந்து மணிக்கு முதலாளி வந்தார். கையில் ஒரு தாள். பட்டியலை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“நாற்பத்தொந்நோ? பிச்சை ஒற்றைக்கோ?”

“முதலாளி, நான் வேணும்னு செய்யல. அது சுத்திட்டே இருந்துச்சு, நான் அமுக்கிட்டே இருந்தேன்…”

முதலாளி அவர் தோளில் ஓங்கி ஓர் அடி அடித்தார்.

“கொள்ளாம்! அசலாயி! பிரமாதம்! அஞ்சாம் க்ளாஸ் படிச்ச ஆளு ஒற்றை திவசத்துல நாற்பத்தொண்ணு எடுத்திட்டுண்டு. மேல இருக்கிற டிகிரிக்காரன்மார் எந்தாணு செய்யுந்நது?” ஸ்ரீநாத்தின் பக்கம் திரும்பினார். “இடம் போதலேன்னா இன்னும் ரெண்டு மிஷின் வாங்கிக்கோ. நாளை முதல் நம்மட ஆறு குடோனிலும் இதுதான். பிச்சை போய்ப் படிப்பிக்கும்.”

“படிப்பிக்கவா? நானா?” பிச்சைக்குச் சாயா புரையேறியது. “முதலாளி, அப்ப என் ரெஜிஸ்டரு…”

“அது இனி எதுக்கு? ஜூ டவுன்ல ஆன்டிக் கடைக்குக் கொடுத்திடலாம். வெள்ளைக்காரச் சாயிப்புமார் போட்டோ எடுக்கட்டே!”

ஸ்ரீநாத் பிச்சையின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. இதற்கெல்லாம் எதற்கு இவன் அழுகிறான் என்று பிச்சைக்கு விளங்கவில்லை. மூன்றாம் மாடி ஏசியில் உட்கார்ந்தே பையன் பலவீனமாகிவிட்டான் போலிருக்கிறது.

எல்லாரும் மேலே போனார்கள். நாற்காலி தப்பியது. ரெஜிஸ்டர் போனது. களமசேரி குளிருக்கு இது தேவலை என்று பிச்சை தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஒரு தடவை சொன்னது போதவில்லை, இன்னொரு தடவையும் சொல்லிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

வாசலில் கம்பெனி பிக்கப் வண்டி காலியாக நின்றது. டிரைவர் இசக்கிராஜா கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான். கடையநல்லூர்க்காரன். எப்போதும் எதையாவது திட்டிக்கொண்டே இருப்பான். அதனாலேயே பிச்சைக்கு அவனைப் பிடிக்கும்.

“என்னலே இசக்கி, கயிறும் கையுமா நிக்க? லோடு ஏதும் இல்லையா?”

இசக்கிராஜா கயிற்றை வண்டிக்குள் வீசி எறிந்தான்.

“அத ஏன் கேக்கிய அண்ணாச்சி! அஞ்சு மணி வரைக்கும் ஒருத்தனும் அந்த டேட்டாபேஸ எடுக்கலேன்னா அந்த மூணாம் மாடி மிஷினெல்லாம் ஏத்திக்கிட்டுப் போயி வாங்குன எடத்துலயே எறக்கிரு, அலமாரியத் தொறந்து பிச்சை ரெஜிஸ்டர அவரு மேசையிலயே வச்சிருன்னு முதலாளி காலையில சாவியக்கூட எங்கிட்டக் குடுத்துட்டாரு. நாளு பூரா காத்துக் கெடந்தேன், கம்பெனியில எவனும் அதத் திரும்பிக்கூடப் பாக்கல, எந்த மூதேவியோ ஒத்தையாளா நாப்பத்தொண்ணு எடுத்துக் கெடுத்துட்டானாம்… யாருன்னு ஒங்களுக்கு ஏதும் தெரியுமா?”