திறப்பு உரிமை

கவையூர் நாட்டில் திருடர்கள் குறைவு. ஆனாலும் வீட்டுக்கு வீடு பூட்டு உண்டு. ஒருமுறை காசு கொடுத்து வாங்கினால் பேரன் காலம்வரை உழைக்கும் இரும்புப் பூட்டு. ஒரு நாள் அரசர், பழையதைக் கொடுத்தால் புதியதை இலவசமாகத் தருவதாக முரசறைவித்தார். குடிகள் தங்கள் பூட்டுகளுக்கு மாலை போட்டு, ஊர்வலமாகக் கொண்டுவந்து, உலையில் போட்டார்கள். அடுத்த தேர்தலில் அரசர் அமோகமாக வென்றார்.

புதுச் சாவி பௌர்ணமிக்குப் பௌர்ணமி செத்துப்போகும் என்பது அதன்பிறகுதான் தெரிந்தது. சந்தா கட்டினால் அரண்மனையில் உயிர் கொடுப்பார்கள்.

அஞ்சலையின் விதைநெல் அப்படித்தான் வீட்டு நெல் அறைக்குள் மாட்டிக்கொண்டது. மழை இறங்கிய காலையில், சேர்த்துவைத்த காசோடு திறப்பு அதிகாரி முன் போய் நின்றாள். இந்த மழை விடுவதற்குள் விதைத்தாக வேண்டும்; அதை விட்டால் வருஷச் சோறு இல்லை.

"பூட்டுக்குத் தனிச் சந்தா நிறுத்தப்பட்டது" என்றார் அதிகாரி. "பூட்டு, குடை, முரசு மூன்றும் சேர்த்துத்தான். ஓராண்டுக்கு."

"முரச வச்சிக்கிட்டு நான் என்ன சாமி பண்ணுவேன்?"

"அதை முடிவுசெய்யும் தங்கள் உரிமையில் அரசு தலையிடாது."

"உள்ள இருக்கிறது என் நெல்லுங்க."

"நெல் தங்களுடையதே. திறப்பு மட்டுமே எங்களுடையது."

அவ்வளவு காசு அவளிடம் இல்லை. வீட்டுக்குப் போய்க் கடப்பாரையை எடுத்தாள். நாதாங்கி பெயர்ந்தது. விதைக்கூடையோடு வாசலைத் தாண்டுமுன் காவலர் பிடித்துக்கொண்டார்கள். அரசாங்கத் திறப்பைத் திருடிய குற்றத்துக்கு ஒரு வாரச் சிறை. கூடையை மட்டும் பக்கத்து வீட்டுக்காரி எடுத்துவைத்தாள்.

வாரம் முழுக்க அஞ்சலையின் காதில் மழைச் சத்தம்தான். கடைசி நாளும் தூறிக்கொண்டிருந்தது. ஓட்டமாக ஓடினால் இன்னும் விதைத்துவிடலாம்.

திறப்பு அதிகாரியே நேரில் வந்து, கம்பிக்கு வெளியே நின்று, விடுதலை ஆணையை உரக்க வாசித்தார். காவலர்கள் கைதட்டினார்கள்.

அஞ்சலை கதவைத் தள்ளினாள். அசையவில்லை.

"இந்தக் கதவின் சந்தா நேற்றோடு முடிந்தது. புதுப்பிக்க வேண்டியவர் உள்ளே இருப்பவர்."

"அதான் என்னை விட்டாச்சுன்னு படிச்சீங்களே சாமி!"

"ஐயமே வேண்டாம். தாங்கள் முழுச் சுதந்திரம் பெற்றவர். அதனால்தான் இன்றுமுதல் தங்களுக்கு இங்கே சோறும் கிடையாது. கைதி அல்லாதவருக்குச் சோறு போடச் சட்டத்தில் இடமில்லை."

வெளியே தூறல் நின்றது. விடுதலை பெற்றவர்களுக்கு வழங்கும் வழக்கப்படி, அதிகாரி கம்பி இடுக்கில் ஓர் ஆரஞ்சு மிட்டாயை நீட்டி, விறைப்பாக நின்று வணக்கம் வைத்தார்.