யார் வறுத்த காப்பி

பெமிலா இரண்டாவது மடக்கையும் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அய்யோ, என்னா காப்பி!" என்றாள்.

சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அவளுடைய கணவன் ததேயுஸ், வாய்க்குக் கொண்டுபோன கிறிஸ்துமஸ் கேக்கைத் திரும்பத் தட்டிலேயே வைத்தான்.

கொட்டாரம் சந்திப்பில் இருக்கும் 'ததேயுஸ் காப்பித்தூள்' கடை அவனுடையது. கடைக்குப் பின்னால்தான் வீடு. பதினொரு வருடமாகத் தினமும் காலையில் தன் கையால் வறுத்து, அரைத்து, இறக்கிய காப்பியைப் பெமிலாவுக்குக் கொடுத்துவருகிறான். பதினொரு வருடமாக அவள் சொல்லிவருவது ஒரே சொல்: "கொள்ளாம்."

கொள்ளாம் என்றால் நன்றாக இருக்கிறது என்றுதான் அர்த்தம். ஆனால் அவளுக்கு மழை பெய்தாலும் கொள்ளாம், மீன் குழம்பும் கொள்ளாம், எதிர்வீட்டுக்காரன் வாங்கிய ஸ்கூட்டரும் கொள்ளாம். கண்ணை மூடவைக்கும் அளவுக்கு அதில் ஒன்றும் கிடையாது.

இப்போது கண்ணை மூடியிருக்கிறாள். அதுவும் சகலை மரியான் கொண்டுவந்த பீருக்கு.

"காப்பி இல்லட்டி, அது பீரு," என்றான் ததேயுஸ்.

"பீருதான். ஆனா காப்பியில்லா முன்னுக்கு நிக்குது?"

மரியான், பெமிலாவின் தங்கை பெபிஷாவின் கணவன். பெங்களூரில் பீர் காய்ச்சும் கம்பெனி ஒன்றில் வேலை. புது வருடம் வரை தங்கிப்போக இருவரும் வந்திருந்தார்கள். வழக்கமாகக் கிறிஸ்துமஸ் பூசை முடிந்து வந்ததும் அந்த வீட்டில் கேக்கோடு ஆளுக்கு ஒரு வாய் திராட்சை ஒயின் உண்டு. இந்த வருடம் மரியான் இரண்டு பாட்டில் கறுப்பு பீர் கொண்டுவந்திருந்ததால் ஒயின் பரணிலேயே இருந்தது.

"இதுக்கு ஸ்டவுட்டுன்னு பேரு அண்ணே," என்றான் மரியான். "பார்லிய முளைக்க வச்சு, உலத்தி, ஒங்க காப்பிக்கொட்டை மாதி கறுக்க வறுக்குவோம். இந்த நெறம் அதுல உள்ளது. பொறவு கொக்கோவும் காப்பியும் சேக்குவோம். கொக்கோ நம்ம பேச்சிப்பாறைத் தோட்டத்துல வெளஞ்சதாக்கும்."

"காப்பி?"

மரியான் பெபிஷாவைப் பார்த்தான். பெபிஷா ஃபேனைப் பார்த்தாள்.

"அது தொழில் ரகசியம் அண்ணே."

ததேயுஸ் ஒரு வாய் குடித்தான். முதலில் கசப்பு வந்தது. அதன் மேல் கருப்பட்டிப் பாகு மாதிரி ஓர் இனிப்பு. பிறகு கொக்கோவின் வழவழப்பு. எல்லாம் தொண்டைக்குள் இறங்கிய பிறகு, எல்லோரும் போய்விட்ட பந்தலில் ஒருத்தன் மட்டும் நிற்பதுபோல, காப்பி தனியாக நின்றது. புகையும் தைரியமும் கலந்த காப்பி. பொறாமைக்காரனின் வாய் எதையும் பழிக்கும். ஆனால் நாக்கு பொய் சொல்லாது. நாக்கு சொன்னதைக் கேட்டு ததேயுஸுக்கு எரிச்சல் இன்னும் ஏறியது.

"கொள்ளாம்," என்றான்.

"வெறும் கொள்ளாமா?" பெமிலா டம்ளரைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் குடித்தாள். "இப்பிடி ஒரு காப்பி நீங்க என்னைக்காவது வறுத்திருக்கியளா?"

ததேயுஸ் எழுந்து நின்றான்.

"வருசப் பொறப்புக்குள்ள இதே காப்பிய நான் வறுத்துக் காட்டுகேன். முடியலன்னா, இத வறுத்தவன் எங்க இருந்தாலும் தேடிப் போயி, அவனுக்குச் சிஷ்யனா சேருகேன். இந்தக் குடிலு சாட்சி!"

கூடத்து மூலையில், குழந்தை இயேசுவும் வெள்ளை ஆட்டுப் பொம்மைகளும் வைத்திருந்த கிறிஸ்துமஸ் குடிலைக் கைகாட்டினான். பெபிஷாவுக்குப் புரையேறியது. பெமிலா அவள் தலையில் தட்டினாள். பேச்சை மாற்ற நினைத்து, "பெங்களூர்ல ஒனக்க ரோசாச்செடி பூத்துதாட்டி?" என்று கேட்டாள்.

"எங்கக்கா! ஒரம் போட்டாத்தானே பூக்கும்?"

"நான் தந்து விட்டேனே?"

"அது வேற வழிக்குப் போச்சு," என்று சொல்லிவிட்டுப் பெபிஷா அடுக்களைக்குள் ஓடினாள்.

மறுநாள் காலை ததேயுஸ் தண்ணீர் குடிக்கப் போனபோது, காலியான ஸ்டவுட் பாட்டில் பிரிட்ஜின் மேல் நின்றது. கழுவித் துடைத்து, தண்ணீர் ஊற்றி, அதில் மணி பிளாண்ட் வைத்திருந்தாள் பெமிலா. கல்யாணத்துக்கு அவன் வாங்கிக் கொடுத்த பூச்சாடி கட்டிலுக்கு அடியில் கிடந்தது. இரண்டாவது பாட்டில் புது வருடத்துக்காகப் பிரிட்ஜுக்குள் இருந்தது.

அவன் நேராக வறுக்கும் டிரம்மிடம் போனான்.

காப்பிக்கொட்டை சூட்டில் இரண்டு முறை பேசும். முதலில் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி, வெளியே வர வழியில்லாமல், சோளப்பொரி மாதிரி படபடவென்று வெடிக்கும். அது முதல் வெடிப்பு. சிறிது நேரம் மௌனம். பிறகு கொட்டையின் எலும்பே முறிவதுபோல மெல்லிய சத்தத்தில் சடசடவென்று இரண்டாம் வெடிப்பு தொடங்கும். எண்ணெய் மேலே வந்து மினுங்கும். ததேயுஸ் எப்போதும் இரண்டாம் வெடிப்புக்கு ஒரு மூச்சு முன்னால் நிறுத்திவிடுவான். அதைத் தாண்டினால் கரி. "கரி விக்கியவன் காப்பிக்காரன் இல்ல," என்பது வாடிக்கையாளர்களுக்கு அவன் சொல்லும் பாடம்.

ஒரே ஒரு முறை தாண்டியிருக்கிறான். செப்டம்பரில், ஊர்க்கோவில் திருவிழாவுக்கு மறுநாள், பிரியாணி தின்றுவிட்டு டிரம்முக்குப் பக்கத்தில் பிரம்பு நாற்காலியில் சாய்ந்தவன், புகை மூக்கில் ஏறித்தான் விழித்தான். ஒரு மூட்டைக் காப்பி கறுத்துப் போயிருந்தது. "எங்கயாவது கொண்டு தள்ளு. எவனுக்கிட்டயும் மூச்சு விடப்படாது," என்று பெமிலாவிடம் சொன்னான். நாற்காலியைக் கடை வாசலுக்குத் தள்ளினான். அன்றிலிருந்து நின்றுகொண்டேதான் வறுக்கிறான்.

முதல் நாள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக வறுத்தான்.

"எப்பிடி?"

"கொள்ளாம்," என்றாள் பெமிலா.

இரண்டாம் நாள் வேறு தோட்டத்துக் கொட்டையைக் கலந்தான்.

"கொள்ளாம்."

மூன்றாம் நாள் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. சூடான காப்பிக்கொட்டை பக்கத்தில் இருக்கும் எந்த மணத்தையும் இழுத்துக்கொள்ளும். அப்படியானால் டிரம்முக்குள்ளேயே கொக்கோவைப் போட்டால்? போட்டான். கொட்டை மணத்தை இழுத்தது. டிரம்மும் இழுத்தது. அடுத்து வறுத்துக் கொடுத்த தூளைச் சுசீந்திரம் டீக்கடைக்காரர் மாலையே திருப்பிக்கொண்டு வந்தார்.

"என்னவே இது? காப்பி குடிக்க வந்தவன் எல்லாம், சாக்லேட் கேக்கு மணக்குதே, யாருக்குப் பொறந்த நாளுன்னு கேக்கான்!"

மணத்தைப் போக்க ததேயுஸ் டிரம்மைப் புளி போட்டுத் தேய்த்தான். நான்காம் நாள் காப்பி ரசம்போல மணத்தது.

"இது எப்பிடி?"

பெமிலா டம்ளரை ஓரமாக நகர்த்திவைத்தாள். "சோறு எடுக்கட்டா?" என்றாள்.

அவள் போன கொஞ்ச நேரத்தில் கூடத்தில் மரியான் ஏதோ சொல்ல, அவள் விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. பிரிட்ஜின் மேல் மணி பிளாண்ட் புதிதாக ஓர் இலை விட்டிருந்தது. கொக்கோவும் புளியும் நாக்கைக் கெடுத்துவிட்டன, அசலை மறுபடி ருசித்தால் பிடித்துவிடலாம் என்று ததேயுஸ் முடிவு செய்தான்.

ஐந்தாம் நாள் மற்ற மூவரும் கன்னியாகுமரிக்குப் போயிருந்தபோது இரண்டாவது பாட்டிலைத் திறந்தான். ஒரு வாய் ஸ்டவுட், ஒரு வாய் தன்னுடைய காப்பி. மறுபடி ஒரு வாய் ஸ்டவுட். முறை சரியானதுதான். ஆனால் இந்த ஸ்டவுட் சாதாரண பீரைப்போல இரண்டு மடங்கு வீரியம் உள்ளது என்பதை மரியான் சொன்னபோது அவன் கவனிக்கவில்லை. பதினொன்றரை மணிக்குப் பாட்டில் காலி. ததேயுஸ் டிரம்மைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "நீ சொல்லு மக்கா, நான் என்ன கொறை வச்சேன்?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

முகத்தைக் கழுவியதும் பயம் வந்தது. பாட்டிலை நிரப்பியாக வேண்டும்.

கெட்டியான டிகாக்ஷன், கொக்கோத் தூள், கருப்பட்டிப் பாகு. நிறம் சரி. நுரைக்கு என்ன செய்வது? நான்கு கடை தள்ளி சோடாக் கம்பெனி வைத்திருக்கும் பேபியிடம் ஓடினான். பேபி ஐம்பது வயதுப் பெரிய மீசைக்காரர்.

"இது என்னவே கறுப்பா?"

"காப்பி."

"காப்பிக்கு எதுக்குவே கேஸு?"

"கேக்காதயும். நல்ல நொரை வரணும். அடியும்."

"நொரைதானே? நம்மகிட்ட விடும்."

பேபி தொழில் கௌரவத்தோடு பன்னீர் சோடாவுக்கு அடிப்பதுபோல இரண்டு பங்கு கேஸ் அடித்து, மெஷினில் வைத்து மூடியை அழுத்திக் கொடுத்தார்.

குளிர்ந்த திரவத்தில் அழுத்தி ஏற்றிய கேஸ் அடங்கித்தான் இருக்கும். ஆனால் அதில் கரையாத தூள் கிடந்தால் ஒவ்வொரு துகளும் ஒரு வாசற்படி. மூடியைத் திறந்த நொடியில் எல்லா வாசலிலிருந்தும் கேஸ் ஒன்றாகக் கிளம்பும். கொக்கோ கரையாத தூள். பேபிக்குக் கேஸைத் தெரியும், கொக்கோவைத் தெரியாது. ததேயுஸுக்குக் கொக்கோ மேல் மட்டும் கண், கேஸைப் பற்றி ஒன்றும் தெரியாது. இரண்டும் தெரிந்த ஒரே ஆளிடம் கேட்க முடியாது.

புது வருடப் பூசை முடிந்து வந்து கேக் வெட்டினார்கள். பெமிலா சந்தன நிறத்தில் புதுப் பட்டுச்சேலை கட்டியிருந்தாள்.

"அண்ணே, ஒங்க காப்பி ரெடியா?" என்றான் மரியான்.

"மொதல்ல ஒனக்குள்ளதத் தொற," என்றான் ததேயுஸ். அவன் சோபாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

மரியான் பாட்டிலைக் கையில் எடுத்தான். மூடியைப் பார்த்தான். அதில் ஓர் ஆரஞ்சுப் பழப் படம் இருந்தது.

"இது எங்க கம்பெனி மூடி இல்லியே," என்றபடியே திறந்தான்.

கறுப்பு நுரை கூரையில் மோதி, ஃபேனில் பட்டு, நான்கு பக்கமும் சிதறியது. பெமிலாவின் சேலையில் கேரளத்தின் வரைபடம் மாதிரி ஒரு கறை விழுந்தது. குடிலில் வெள்ளை ஆடு ஒன்றுகூட மிஞ்சவில்லை.

மரியான் மீசையில் வழிந்ததை நக்கிப் பார்த்தான். "இது எனக்க ஸ்டவுட் இல்ல." மறுபடியும் நக்கினான். "அண்ணே, இதுல புளி உண்டா?"

மூன்று பேரும் சோபாவுக்குப் பின்னால் பார்த்தார்கள்.

அங்கே குனிந்து பதுங்கியிருந்த ததேயுஸ் மெல்ல எழுந்து வந்தான். ஒன்றையும் மறைக்கவில்லை. டிரம், புளி, பேபி, காலை பதினொன்றரை மணி எல்லாவற்றையும் சொன்னான். பிறகு பெமிலாவைப் பார்த்தான்.

"பதினோரு வருசமா கொள்ளாம் கொள்ளாம்னு சொன்னியே. எனக்க காப்பிக்கு ஒருக்காவது நீ கண்ண மூடணும்னு ஆசைப்பட்டேன். அம்புடுதான்."

பெமிலாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. முந்தானையால் அவன் நெற்றியில் வழிந்த கொக்கோவைத் துடைத்தாள். சேலை எப்படியும் போய்விட்டது.

"நீங்க தாறது தெனமும் குடிக்க உள்ளதுல்லா? தெனமும் கண்ண மூடிட்டு இருந்தா நான் எப்பம் சோறு வடிக்க?"

மற்றொரு நாளாக இருந்தால் அந்தப் பதில் அவனுக்குப் போதும். ஆனால் குடிலை சாட்சி வைத்துச் சபதம் போட்டிருக்கிறான். கறுப்பு ஆடுகள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன.

"சொன்ன வாக்கு வாக்குதான்," என்றான். "மரியான், இனி ரகசியம் வேண்டாம். ஒத்துக்கிடுகேன், அந்த மாதி வறுக்க எனக்குக் கை இல்ல. அவரு பெரிய ஆளு. எப்பிடித்தான் ரெண்டாம் வெடிப்பத் தாண்டி, பயமில்லாம அவ்வளவு நேரம் விட்டாரோ! எங்க இருக்காரு, சொல்லு. நாளைக்கே போயி அவருக்க காலத் தொட்டுக் கும்புட்டுட்டு வேலைக்குச் சேருகேன்."

மரியான் பெபிஷாவைப் பார்த்தான். பெபிஷா கடை வாசலுக்குப் போனாள். அங்கே கிடந்த பிரம்பு நாற்காலியைத் தரதரவென்று இழுத்துவந்து, வறுக்கும் டிரம்முக்குப் பக்கத்தில் போட்டு, துப்பட்டாவால் தூசி தட்டினாள்.

"அத்தான், செப்டம்பர்ல நீங்க இதுல கெடந்து ஒறங்கிக் கரிச்சுப் போட்டியளே, அக்கா ரோசாச்செடிக்கு ஒரம்னு எனக்குத் தந்து விட்டாளே, அந்த மூட்டைதான் அந்தக் காப்பி, கம்பெனியில இன்னும் நூறு கிலோ கேக்காவ, ஒருக்கா கூடி அதே மாதி ஒறங்குவியளா?"