இன்னும் ஒரே ஒரு வரிசை

உலகத்தில் ‘இன்னும் ஒண்ணே ஒண்ணு’ என்றோர் இனம் உண்டு. கைப்பேசி அணைகிறவரை கடைசி வீடியோ, பஸ் நகர்கிறவரை கடைசி வாய்க் காபி. எங்கள் இனம்தான், மறைப்பதற்கென்ன? தரையில் திரிகிறவரை எங்களால் பெரிய ஆபத்தில்லை. ஆனால் எங்களில் ஒருவர் வயலுக்கு மருந்தடிக்கும் ஹெலிகாப்டர் ஓட்டுகிறார்.

அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர். ‘இன்னும் ஒரே ஒரு பக்கம்’ என்று கண்ணைக் கசக்கிக் கசக்கியே பட்டம் வாங்கியவர். தன்னைத் தூக்கிவிட்ட பழக்கத்தை யார்தான் சந்தேகப்படுவார்கள்?

மருந்தைக் கூடுதலாக ஏற்ற வேண்டுமென்றால் பெட்ரோலைக் குறைக்க வேண்டும். அதனால் அடிக்கடி வயலோரம் நிற்கும் பெட்ரோல் லாரியின் மேல்தட்டில் இறங்கி நிரப்பிக்கொண்டு போவதுதான் அந்தத் தொழிலின் முறை. நிரப்புகிறவன் அவர் மனைவியின் தம்பி. ரேடியோவில் அவன் வாய் ஓயாது.

“மாமா, பெட்ரோல் விளக்கு எரியுதா?”

“எரியுது.”

“எரிஞ்சா இறங்கணும்.”

“தெரியும்டா. ஒரே ஒரு வரிசை. இந்தக் கொஞ்சூண்டு மருந்துக்காக இன்னொரு தடவை வரணுமா?”

“அக்காவுக்குப் பிரசவம் இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு மாமா.”

“அதுக்குத்தான் சீக்கிரம் முடிக்கிறேன்.”

விளக்கு எரிந்தபிறகும் கொஞ்சநேரம் ஓடும் என்று புத்தகத்தில் படித்திருக்கிறார். நேராகப் பறந்தால் ஓடும். வரிசை முடிந்து, மேலே எழும்பி, சாய்ந்து வளைந்து திரும்பினால்? டாங்கின் அடியில் ஒட்டிக்கிடந்த பெட்ரோல் ஒரு மூலைக்கு ஒதுங்கிக்கொண்டது. இயந்திரம் ஒருமுறை இருமியது. அப்புறம் இருமக்கூட இல்லை.

பட்டம் எதுவும் நினைவுக்கு வரவில்லை. கை மட்டும் பழகிய பழக்கத்தில் நெம்புகோலைத் தாழ்த்தியது. கீழிருந்து மோதிய காற்றில் இறக்கைகள் சுற்றிக்கொண்டேயிருக்க, தரை முகத்துக்கு நேரே எழுந்து வர, மூக்கைத் தூக்கி வேகத்தைக் கொன்று, கடைசிக் கணத்தில் நெம்புகோலை மேலே இழுத்தார். தொப்பென்று உட்கார்ந்தது. அடியிலிருந்த கால் ஒன்று கோணிக்கொண்டது. பிள்ளையின் முகத்தைப் பார்க்கும் யோகம் எப்படியோ பிழைத்துக்கொண்டது.

மச்சினன் செடிகளை மிதித்துக்கொண்டு ஓடிவந்து, அவரைத் தோளிலிருந்து முழங்கால்வரை தடவிப் பார்த்தான்.

“எங்கயாவது வலிக்குதா?”

“இல்ல.” வயலின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “அந்தப் பக்கம் ஒரு வரிசை விட்டுப்போச்சுடா. லாரில மருந்தடிக்கிற கைப்பம்பு கிடக்குமா?”

அவன் பதில் சொல்வதற்குள் கைப்பேசி அடித்தது. மனைவி.

“வலி எடுத்துடுச்சு. எங்க இருக்கீங்க?”

“இதோ வந்துட்டேம்மா. இன்னும் ஒரே ஒரு…”

மச்சினன் கைப்பேசியைப் பிடுங்கினான். “கிளம்பிட்டோம்க்கா.” மாமாவின் சட்டையைப் பிடித்து லாரிப்பக்கம் இழுத்துக்கொண்டு போனான். அவரோ கழுத்தைத் திருப்பித் திருப்பி வயலைப் பார்த்துக்கொண்டே போனார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு, ‘இன்னும் ஒரே ஒரு பத்தி’ என்று உட்கார்ந்தது எப்போது? தீய்ந்த வாசனை வரவில்லையா?