குதித்துப் பார்த்தால்தான் தெரியும்

வேலுசாமி சார் செருப்பைக் கழற்றத் தொடங்கியதும் சகாயராஜுக்கு அடுத்து நடக்கப்போவது தெரிந்துவிட்டது. கழற்றினால் ஏறுவார். ஏறினால் குதிப்பார். குதித்தால் புதிதாக ஒரு குறை முளைக்கும்.

திண்டுக்கல் மாசித் திருவிழாப் பொருட்காட்சிக்கு டிராம்போலின் என்கிற ஸ்பிரிங் வைத்த குதிமெத்தை வந்த முதல் வருஷம் அது. செல்போன் எல்லார் கைக்கும் வராத காலம். டெல்லி அப்பளத்தின் எண்ணெய் வாசனையும், காணாமல் போன பிள்ளைகளின் பெயரைச் சொல்லும் ஒலிபெருக்கியுமாகச் சாயங்காலங்களில் மைதானம் நிறைந்து கிடக்கும். கொடைரோட்டுச் சைக்கிள் கடையை விற்றுச் சகாயராஜ் வாங்கிய மெத்தையில் மட்டும் இன்னும் ஒரு பிள்ளைகூட ஏறவில்லை.

வேலுசாமி ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர், பொதுப்பணித் துறை என்ஜினீயர். ராட்டினத்தைச் சோதிக்க வந்தவர். வேலையை முடித்துக் கிளம்பியவரை ஓடிப்போய் மறித்தது சகாயராஜ்தான்.

"எங்களுதையும் பாத்து ஒரு சர்டிபிகேட் குடுத்துட்டீகன்னா, பயமில்லாம தொழில் பண்ணுவேன் சார்."

அவர் கொஞ்ச நேரம் மெத்தையையே பார்த்துக்கொண்டு நின்றார். "நாஞ் சொல்ற வரைக்கும் யாரையும் ஏத்தாதீங்க" என்றார். பிறகு செருப்பைக் கழற்றினார்.

ஸ்பிரிங்கில் பிள்ளைகளின் விரல் மாட்டும் என்பது முதல் குறை. சகாயராஜின் மனைவி ஜெசிந்தா, வீட்டு இலவம்பஞ்சு மெத்தையைக் கிழித்துச் சாக்கில் திணித்துச் சுற்றிலும் கட்டினாள். அன்றிலிருந்து இருவருக்கும் வெறுந்தரையில் படுக்கை. மறுநாள் சார் வந்து குதித்துப் பார்த்தார். சாக்கில் கால் வழுக்கி வெளியே விழுந்தால் என்ன செய்வது என்று கேட்டு, வலை கட்டச் சொன்னார். எரியோட்டிலிருந்து ஆட்டுக்கிடை வலை வந்தது. குதித்தார். கண்ணி பெரிது, கால் நுழையும். வலைமேல் கொசுவலையை வைத்துத் தைத்தார்கள். குதித்தார். சுற்றிக் கூட்டம் நின்றால் உள்ளே இருக்கும் பிள்ளை தாய் கண்ணுக்குத் தெரியாது, மெத்தையை உயர்த்த வேண்டும். உயர்த்தினால் படி. படி வைத்தால் கைப்பிடி.

"இவரு போற போக்கப் பாத்தா, கடைசில கூரை போட்டுக் கதவு வச்சுப் பால் காய்ச்சச் சொல்லுவாரு போல" என்றாள் ஜெசிந்தா.

"செத்த நேரம் சும்மா இரு. பிள்ளைக உசுரு சமாச்சாரம்."

வேலியைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் நின்றார்கள். சட்டைப்பையில் பேனாவோடு ஓர் ஆபீசர் மேலும் கீழும் போய்வருவதைப் பார்க்க அப்பளக் கடையில்கூட வியாபாரம் நின்றது. குதித்து முடித்ததும் அவர் மெத்தையிலேயே மல்லாந்து வானத்தைப் பார்ப்பார். கணக்குப் போடுகிறார் என்று நினைத்துச் சகாயராஜ் கைகட்டி நிற்பார். வானம் கறுக்கும் வரை இரண்டு பேரும் அப்படியே இருந்த நாட்கள் உண்டு.

இன்று கைப்பிடியும் பொருத்தியாகிவிட்டது. சார் ஏறிக் குதித்தார்.

"மலைக்கோட்டை தெரியுதுங்க" என்றார் உச்சியிலிருந்து. குரலில் குறை எதுவும் இல்லை. சகாயராஜுக்கு உயிர் வந்தது.

இறங்கும்போது கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார். "கொஞ்சம் ஆடுதுங்களே. சரி பண்ணி வையுங்க. நாளைக்கு வாரேன்."

"நாளையோட பொருட்காட்சியே முடியுது சார்."

சார் திடுக்கிட்டது போலிருந்தது. "அப்படிங்களா" என்றவர், அந்தப் பக்க மூலையைச் சரியாகப் பார்க்கவில்லை என்று சொல்லி மறுபடியும் ஏறிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து, அவருடைய மனைவி அவரைத் தேடிக்கொண்டு கூட்டத்தை விலக்கி வந்தார். ஜெசிந்தா அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். கடையை விற்றதையும், தரையில் படுப்பதையும் சொல்லி, கடைசி நாளாவது பிள்ளைகள் ஏறட்டும், நீங்களாவது சாரிடம் சொல்லிச் சர்டிபிகேட்டை வாங்கிக் கொடுங்கள் என்று கேட்டாள். கண் கலங்கிவிட்டது.

கொசுவலைக்குள் எழும்பி எழும்பித் தாழும் புருஷனை அந்த அம்மாள் சற்று நேரம் பார்த்தார்.

"குதிக்கறதுக்கெல்லாம் சர்க்கார்ல ஏதுங்க்கா சர்டிபிகேட்டு? ராட்டினத்தப் பாத்த அன்னைக்கே இங்க அவரு வேலை முடிஞ்சுபோச்சுங்க. அடுத்த நாள்ல இருந்து லீவு போட்டுட்டுத்தானுங்க வர்றாரு."