நான் பாடுபட்டுக் கெடுத்த கூடை

வீட்டு வேலையிலிருந்து தப்பிக்க எத்தனையோ வழிகளைப் பரிசோதித்துவிட்டேன். தலைவலி ஒரு வாரத்துக்கு மேல் ஓடவில்லை. ஆபீஸில் வேலை என்றால் என் மனைவி ஆபீஸுக்கே போன் போட்டுக் கேட்டுவிடுவாள். தூங்குவதுபோல் நடித்தால், "தூங்குற ஆளுக்கு இமை ஆடாதுங்க" என்பாள்.

கடைசியில் ஒரே ஒரு வழிதான் நிலைத்தது. கொடுத்த வேலையை உடனே செய்வது. முகம் சுளிக்காமல் செய்வது. ஆனால், இன்னொரு தடவை யாரும் கேட்கத் துணியாத அளவுக்கு மோசமாகச் செய்வது.

இஸ்திரி போடச் சொன்னாள். புதுத் தலையணை உறையில் இஸ்திரிப் பெட்டியின் முழு உருவத்தையும் பழுப்பு நிறத்தில் பதித்துக் கொடுத்தேன். ஆணி அடிக்கச் சொன்னாள். ஆணி அப்படியே இருந்தது, சுவர்தான் கீழே வந்தது. ஒவ்வொரு வேலையிலிருந்தும் என் பெயர் கௌரவமாக நீக்கப்பட்டது. ஞாயிற்றுக்கிழமையும் ஜன்னலோர நாற்காலியும் எனக்கே சொந்தமாயின.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். "பட்டம் வாங்கின பிள்ளைக்கு ஒரு ஆணி அடிக்கத் தெரியலையே" என்று என் மாமனார் அங்கலாய்த்தபோது மட்டும் நெஞ்சில் சுருக்கென்றது. கொள்கைக்காகப் பொறுத்துக்கொண்டேன்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் நாற்காலிக்கு ஆபத்து வந்தது.

"என்னங்க, பெரியவளுக்குக் காகிதத்துல கூடை ஒண்ணு செய்யணுமாம்."

"செய்யேன்."

"நீங்க செய்யுங்க."

என் மனைவி தையல்காரி. அவள் வெட்டினால் வெட்டின இடம் தெரியாது. போன மாதம் ஸ்கூலுக்காகப் பெரியவளுக்கு அவள் செய்துகொடுத்த காகிதப் பறவை இன்னும் பிரிட்ஜ் மேல் உட்கார்ந்திருக்கிறது. காற்றடித்தால் பறந்துவிடுமோ என்று பயமாக இருக்கும். அப்படிப்பட்டவள் என்னிடம் ஏன் கேட்கிறாள்?

"உன் கை எங்கே, என் கை எங்கே?" என்றேன்.

"எனக்குத் தைக்கிற துணி தலைக்குமேல கிடக்கு. நாளைக்கு ஸ்கூல் தோட்டத்துல சாக்லேட் முட்டையெல்லாம் ஒளிச்சு வைப்பாங்க. ஈஸ்டர் வருதுல்ல? பிள்ளைங்க தேடி எடுத்துக் கூடையில போட்டுக்கணும். எதிர் வீட்டு பேங்க்காரர் முந்தாநாளே செஞ்சு ரிப்பன் எல்லாம் கட்டிட்டாரு."

"அவருக்கு வேற வேலை இல்லை."

"உங்களுக்கு இருக்கா?"

எழுந்தேன். சரி, இந்த வேலையிலிருந்தும் என் பெயரை நீக்கவைக்க வேண்டியதுதான்.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்ப்பது அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில், தரச் சோதனைப் பிரிவில். நாள் முழுக்க எனக்கு வேலையே குறை கண்டுபிடிப்பதுதான். ஓரம் கோணல், மடிப்பு வெடிப்பு, பசை வழிசல். ஒரு பெட்டி எப்படியெல்லாம் கெட்டுப்போகும் என்று எனக்குத் தெரிந்த அளவுக்கு அந்தப் பெட்டிக்கே தெரியாது. இப்போது அந்தக் குறைகள் அத்தனையையும் ஒரே கூடையில் கொண்டுவர வேண்டும். சவாலான வேலை. உண்மையிலேயே உற்சாகமாக இருந்தது.

கூடை செய்வது ஒன்றும் கம்பசூத்திரமில்லை. சதுர அட்டையை நெடுக்கே மூன்று பாகம், குறுக்கே மூன்று பாகமாக மடிக்க வேண்டும். நாலு இடத்தில் வெட்டி, ஓரங்களைத் தூக்கி ஒட்டினால் கூடை. மேலே ஒரு பட்டை வைத்தால் கைப்பிடி.

எங்கள் பெரியவள் பட்டாணி தரையில் குப்புறப் படுத்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாள். அம்மாவின் கை. கோடு நூல் பிடித்த மாதிரி இருந்தது. சின்னவன் பெயர் உருண்டை. அவன் எந்த வேலையும் செய்யவில்லை. என் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பா, கோடு இங்க இருக்கு."

"தெரியுதும்மா."

"கத்தரி அங்க போகுதே?"

"கத்தரிக்கும் ஒரு மனசு இருக்குல்ல கண்ணு."

"அப்ப என்கிட்ட குடுங்க. என் கத்தரிக்கு மனசு இல்ல."

அவள் ஒரு பக்கத்தை நேராக்கினாள். நான் மறுபக்கத்தைக் கோணலாக்கினேன். அவள் பசையைத் துடைத்தாள். நான் வழியவிட்டேன். கடைசியில் கூடை ஒருமாதிரி எழுந்து நின்றது. பக்கத்து வீட்டைக் கவனிப்பதுபோல் இடதுபக்கம் சாய்ந்து நின்றது. என் தொழில் வாழ்க்கையில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

பட்டாணி அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அழுவாளோ என்று பார்த்தேன். அழவில்லை. கூடையின் அடியை விரலால் மெல்ல அமுக்கினாள்.

"அப்பா, நிறைய முட்டை போட்டா கிழியாதுல்ல?"

"ஏன் கேட்கிற?"

"கீழ விழுந்தா யார் வேணாலும் எடுத்துக்கலாமாம். டீச்சர் சொன்னாங்க. போன வருஷம் எனக்கு ஒண்ணுகூட மிஞ்சல."

தையல் இயந்திரம் உள்ளே கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. நான் கூடையைத் திருப்பிப் பார்த்தேன். கிழியும். மூன்றாவது முட்டையில் கண்டிப்பாகக் கிழியும். நான்தானே கிழிகிற மாதிரி செய்திருக்கிறேன்!

பட்டாணியைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பினேன். துணிக்கு இருப்பதுபோலக் காகிதத்துக்கும் நெடுக்கு, குறுக்கு உண்டு; நெடுக்கின்மேல் குறுக்கை ஒட்டினால் லேசில் கிழியாது. அடியில் இன்னொரு அட்டையைக் குறுக்குவாட்டில் வைத்து ஒட்டினேன். மேலே ஒட்டியிருந்த கைப்பிடியைப் பிய்த்துப் போட்டுவிட்டு, நீளமான பட்டையாக எடுத்து, ஒரு பக்கம் இறக்கி, அடிவழியாகக் கொண்டுபோய் மறுபக்கம் ஏற்றினேன். எல்லாவற்றையும் மறைத்துப் பச்சைக் காகிதத்தைச் சுருக்கம் சுருக்கமாக ஒட்டினேன். வெளியே அவலட்சணம். உள்ளே இரும்பு. யாருக்குத் தெரியப்போகிறது?

உருண்டை மட்டும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் நாங்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். பேங்க்காரரின் மகன் கையில் இருந்த கூடையைப் பார்த்துக் கடையில் வாங்கியதா என்று நாலு பேர் கேட்டார்கள். எங்கள் கூடையை யாரும் கேட்கவில்லை. பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினார்கள்.

மணி அடித்தது. பிள்ளைகள் செடிகளுக்குள் பாய்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பேங்க்காரர் வீட்டுக் கைப்பிடி, ரிப்பனோடு தனியாகப் பையன் கையில் இருந்தது. பட்டாணி கூடை நிறைய முட்டையோடு, அதுபோலவே இடதுபக்கம் சாய்ந்து நடந்து வந்தாள். என் கண் கலங்கியது. வெயில்தான் காரணம் என்று வைத்துக்கொள்ளலாம்.

டீச்சர் எங்கள் கூடையைத் தூக்கிப் பிடித்தார். "குழந்தை கை பட்ட கூடை இது ஒண்ணுதான். மத்ததெல்லாம் அப்பா, அம்மா செஞ்சது. இதுக்குத்தான் முதல் பரிசு!"

எனக்கு மனசாட்சி உறுத்தியது. "மேடம், அதை நான்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"பிள்ளை செஞ்சதுக்கு நீங்க பேர் வாங்கலாமா சார்?" என்றார் டீச்சர்.

"அப்பா கெடுத்துக்கிட்டே இருந்தாங்க மிஸ். நான் சரி பண்ணிக்கிட்டே இருந்தேன்" என்றாள் பட்டாணி.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி சிரித்தாள்.

"போன மாசம் பறவைக்கு என்ன மார்க் தெரியுமா? 'அம்மாவுக்குப் பாராட்டுகள்'னு எழுதிப் பூஜ்யம் போட்டு அனுப்பினாங்க. குழந்தை செஞ்ச மாதிரி அசிங்கமா ஒண்ணு வேணும்னா உங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா? அதான் குடுத்தேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. போகட்டும், அசிங்கமாகச் செய்கிற ஆள் என்ற பட்டம் இருக்கும்வரை நாற்காலி பத்திரம். உட்காரப் போனேன்.

"என்னங்க." காலிக் கூடையைக் கவிழ்த்துக் கையில் வைத்திருந்தாள். "இந்தக் கைப்பிடி எங்க முடியுது?"

"ஓரத்துல."

"அடியில போய் அந்தப் பக்கம் ஏறுது. பைக்கு வார் தைக்கிறவ நான். என்கிட்டயேவா?"

"ஏதோ தவறிப்போய்..."

"இந்த ரெண்டாவது அட்டை? நெடுக்குமேல குறுக்கா, கனகச்சிதமா? இதுவும் தவறிப்போய் வந்து ஒட்டிக்கிச்சா?"

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"வேலை வராத ஆளுக்கு, எந்த இடத்துல கோணலா விட்டா கூடை பிரியாதுன்னு எப்படிங்க தெரியும்?" குரல் தேன் மாதிரி இருந்தது. "அப்போ என் தலையணை உறை?"

நான் நாற்காலியிலிருந்து கையை எடுத்தேன்.

"சுவரு?"

இது நடந்து ஒரு மாதமாகிறது. இஸ்திரி என்னுடையது. ஆணிகள் எல்லாம் என்னுடையவை. தையல் மேஜைக்கு மேல் அலமாரிகூட அடித்துக் கொடுத்துவிட்டேன். நேராக நிற்கிறது. மாமனார் வந்து பாராட்டிவிட்டுப் போனார்.

ஜன்னலோர நாற்காலி இப்போது உருண்டையிடம் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை என் மனைவி அவனை ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். உடனே எழுந்தான். முகம் சுளிக்காமல் போனான். வருகிற வழியெல்லாம் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே வந்து, காலி டம்ளரை அவள் கையில் கொடுத்தான்.

"உன்கிட்ட போய்ச் சொன்னேன் பாரு. இனிமே நீ எதையும் தொடாதடா கண்ணா" என்றாள் அவள்.

அவன் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

தரையைத் துடைத்தது நான்தான். சுத்தமாக.