கம்பி டொக்டரின் மரக்கறி எலிகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே எலிக்கு 'வாங்கோ' போட்டுக் கதைத்த ஒரே மனிதர் எங்கள் கம்பி டொக்டர்தான். மனிதர்களுக்கு அந்த மரியாதை கிடையாது. நான் அவருடைய ஆய்வுகூடத்தில் வேலை செய்த காலம் முழுக்க 'இஞ்சை வாரும்', 'உதை எடும்' என்ற 'நீர்'தான். கூட்டுக்குள் இருக்கிற வெள்ளெலிக்கு மட்டும், "வாங்கோ ராசா, ஆ காட்டுங்கோ, நோகாது."

கோணல் பல்லுக்குக் கம்பி போடுவதில் மனிதர் விண்ணர். முரசில், அதாவது பல்லீறில், நோய் உள்ளவருக்குக் கம்பி போட்டால் பல் ஒழுங்காக நகருமா, கழன்று விழுமா என்பது அவருடைய ஆராய்ச்சி. அதற்காக மயக்க மருந்து கொடுத்து, சில எலிகளின் கடைவாய்ப்பல்லைச் சுற்றி நூல் கட்டி முரசை வீங்க வைத்தார். மற்ற எலிகளின் முரசைத் தொடவில்லை. இரண்டு கூட்டத்துக்கும் மயிரிழைத் தடிப்பில் ஒரு சுருள்கம்பி போட்டார்.

அந்த ஆராய்ச்சியின் விடை எனக்கும் தேவைப்பட்டது. என் முன்பற்கள் வாசல் தாண்டி வெளியே நின்றன. வாயைப் பொத்தாமல் நான் சிரித்ததே இல்லை. கலியாணப் படங்களிலெல்லாம் இருமுகிற ஆளைப் போலவே நிற்பேன்.

"சேர், எனக்கும் ஒரு கம்பி போடுங்கோவன்."

"உம்மடை முரசிலை தொட்ட இடமெல்லாம் ரத்தம். எலியவை மறுமொழி சொல்லட்டும், பிறகு பாப்பம்."

எலியவை சொன்னபாடில்லை. கல்லுப் போன்ற தீனைக் கடித்துக் கடித்துக் கம்பியைக் கழற்றி எறிந்தன. "அடுத்த முறையும் கழன்டால் ஆராய்ச்சியை இழுத்து மூடுவம்" என்று ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பான பேராசிரியர் சொல்லிவிட்டார். மூடினால் என் பல்லும் நின்ற இடத்திலேயே நிற்கும்.

புதிய எலிகள் வந்த கிழமை நல்லூர் முருகன் கோயிலில் திருவிழாவுக்குக் கொடியேறியது. டொக்டர் வீட்டு மீன்சட்டி பரணில் ஏறியது. அன்றுதான் தீன் மூட்டையில் எழுதியிருந்ததை வாசித்துத் திடுக்கிட்டார்.

"பிள்ளை, இதுக்குள்ளை மீன்தூள் எல்லோ கிடக்கு!"

"எலியள்தானே சேர்."

"என்ரை பொறுப்பிலை இருக்கிறவை. நல்லூரானுக்குக் கொடியேறி நிக்கேக்கை மச்சம் குடுக்கிறதோ?"

அடுத்த நாளே பயறும் சோயாவும் ஊறவைத்து, சத்துத்தூள் சேர்த்து அரைத்த களி வந்தது. எல்லா எலிக்கும் ஒரே அளவு. அதில் அவர் பிசகவில்லை. பேராசிரியர் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். "உதைக் கட்டுரையிலை என்னெண்டு ஐயா எழுதுறது?"

தேர் முடிந்தது, தீர்த்தம் முடிந்தது. ஒரு கம்பிகூடக் கழலவில்லை. களியைத் தின்ன எதற்குப் பல்லு? கட்டுரையில் 'மென்மையான உணவு வழங்கப்பட்டது' என்று எழுதினார்கள். முருகனுக்கு நன்றி சொல்ல அதில் இடமில்லையாம்.

கடைசியில் தாடை எலும்பைப் பார்க்க, எலிகளை ஒரேயடியாக உறங்க வைக்கவேண்டும். அதை அவர் வேறு யாரிடமும் விடவில்லை. திருநீறு பூசிக்கொண்டு வந்து ஒவ்வொன்றையும் வழியனுப்புவதுபோல "போட்டு வாங்கோ" என்றார். அன்று நான் கொண்டுபோய் வைத்த தேத்தண்ணி ஆறிப்போய்க் கிடந்தது.

விடை வந்தது. நல்ல முரசில் பல் ஒழுங்காக நகர்ந்திருந்தது. வீங்கிய முரசில் எலும்பே கரைந்திருந்தது. "பாரும், முந்தியே போட்டிருந்தால் உம்மடை பல்லு கையிலை வந்திருக்கும்" என்றார். மாதக்கணக்கில் என் முரசைச் சுகப்படுத்தி, அதன் பிறகே கம்பி போட்டார். போட்ட கையோடு நான் அவித்துக் காயவைத்த பனங்கிழங்கான புழுக்கொடியலைக் கடித்து அதை உடைத்தேன். "எலியவை உம்மைவிடச் சொல்வழி கேட்டவை" என்று நல்ல பேச்சு விழுந்தது.

கம்பி கழற்றிய நாள் கண்ணாடியைக் கையில் தந்தார். கூட்டுக்குள் பார்ப்பதுபோலக் குனிந்து என் பற்களைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

"வடிவாயிருக்கு. எங்கை, ஒருக்காச் சிரியுங்கோ ராசாத்தி, பாப்பம்."

எலிகளுக்குரிய மரியாதை எனக்கும் கிடைத்துவிட்டது. கண் கலங்கி, கையைத் தூக்க மறந்து, வாய் நிறையச் சிரித்தேன்.